பாடலில் ‘இடம்’ உருவான வரலாறு: ஒலிப்பதிவில் தாமதமும் சமநிலையும்

முன்னுரை

ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒரு பாடலைக் கேட்கும்போது, பாடுபவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதைச் செவி உடனே உணர்ந்துவிடுகிறது. காதருகே மெல்லப் பாடுகிறாரா, பெரிய மண்டபத்தின் மறுகோடியிலிருந்து பாடுகிறாரா, இசைக்குழுவின் நடுவே நிற்கிறாரா, அதற்கு முன்னே நிற்கிறாரா என்பனவெல்லாம் பாடலின் சொற்கள் மனத்தில் பதிவதற்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. ஆயினும் அந்த இடம் பெரும்பாலும் எங்குமே இருந்ததில்லை. பாடகர் ஒலி உறிஞ்சும் சுவர்களைக் கொண்ட சிற்றறையில், ஒலிவாங்கிக்கு ஓர் அடி முன்னால் நின்று பாடியிருப்பார். நாம் கேட்கும் மண்டபம் பின்னர் உண்டாக்கப்பட்டதாகும்.

அவ்விடத்தை உண்டாக்கும் வழிகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, ஓர் ஒலியின் படியைச் சற்றுக் காலம் தாழ்த்தி மீண்டும் ஒலிக்கச் செய்வது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இது ‘டிலே’ எனப்படும். மற்றொன்று, ஒலிகளுக்கிடையே அளவுகளை ஒப்புநோக்கி அமைப்பது. இது ‘பேலன்ஸ்’ எனப்படும். இக்கட்டுரையில் இவை முறையே தாமதம், சமநிலை எனக் குறிக்கப்பெறுகின்றன. ஒலிக்கலவைக் கையேடுகள் இவ்விரண்டையும் தனித்தனி அதிகாரங்களில் விளக்குவது வழக்கம். ஆனால் இவை ‘குரல் எங்கே நிற்கிறது?’ என்னும் ஒரே வினாவுக்குரிய இரு விடைகள் என்பதையும், இவ்விரண்டின் வளர்ச்சியால் பாடலின் இடம் அறையால் தரப்படும் நிலை மாறிக் கலவை செய்பவரால் எழுதப்படும் ஒன்றாயிற்று என்பதையும் வரலாறு காட்டுகிறது. அம்மாற்றத்தை 1900களின் தொடக்கம் முதல் 1970களின் நடுப்பகுதிவரை தொடர்வதும், பாடல் ஒலிப்பதிவுகளைச் சான்றாகவும் பாடமாகவும் கையாளும் ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் அதனால் விளையும் கடமையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கூம்பின்முன் சமநிலை

1925ஆம் ஆண்டுக்கு முன் ஒலிப்பதிவு முழுவதும் இயந்திர முறையில் நிகழ்ந்தது. பாடுவோரும் இசைப்போரும் ஒரு பெரிய கூம்பின் முன் கூடுவர். அவர்கள் எழுப்பும் ஒலியலைகள் கூம்பின் குறுகிய முனையிலுள்ள சவ்வை அதிரச் செய்யும். அவ்வதிர்வு ஓர் ஊசியின் வழியாக மெழுகுத் தட்டில் கோடாகப் பதியும். ஒலியை மின்னாற்றலால் பெருக்கவோ குறைக்கவோ இயலாத காலம் அது. ஆகவே சமநிலை என்பது முழுக்க முழுக்க நிற்கும் இடத்தைப் பொறுத்ததாக இருந்தது. பாடகர் கூம்பின் வாயருகே நிற்பார்; பித்தளைக் காற்றுக்கருவிகள் அறையின் பின்பகுதியில் வைக்கப்படும். உச்சசுரம் வரும்போது பாடகர் பின்னோக்கி நகர்வதும், தாழ்ந்த சுரங்களுக்கு மீண்டும் நெருங்குவதும் உண்டு.

இந்நெருக்கடி இசைக்கருவிகளையே மாற்றியது. வயலினின் மெல்லொலி கூம்பை எட்டாமையால், மரப்பேழைக்குப் பதிலாக உலோகக் கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலின் பயன்பாட்டுக்கு வந்தது. இலண்டனில் வாழ்ந்த அகஸ்டஸ் ஸ்ட்ரோ 1899இல் அதற்குக் காப்புரிமை கோரினார். தாழ்சுரக் கம்பிக்கருவியின் பகுதியைப் பல பதிவுகளில் டூபா என்னும் பித்தளைக் கருவி வாசித்தது. கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்ததும், அதே கீழைப் பயணத்தில் 1903இல் சிங்கப்பூரில் பதிவுகள் செய்ததும் இம்முறையிலேயாகும்.

இக்காலப் பதிவுகளில் அறையின் ஒலி மிக அருகியே கேட்கிறது. கூம்பு தன் வாயருகே எழும் வலிய ஒலியை ஏற்குமேயன்றி, சுவர்களில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலிகளை ஏற்கும் நுண்மை அதற்கு இல்லை. எனவே சமநிலை இருந்தும் தாமதம் இல்லாத காலம் இது எனலாம். அச்சமநிலையும் மெழுகில் பதிந்தபின் திருத்த இயலாததாக இருந்தது.

2. மின்முறைப் பதிவும் ‘சமநிலைப் பொறியாளரும்’

பெல் ஆய்வுக்கூடத்தினர் உருவாக்கிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் மின்முறைப் பதிவை 1925இல் விக்டர், கொலம்பியா ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கச் சுற்றும் வந்தபின், கூம்பை நிறைக்கும் அளவுக்கு உரக்கப் பாட வேண்டிய கட்டாயம் நீங்கியது. மெல்லிய குரல் பெரிய இசைக்குழுவுக்கு முன்னே நிற்கும் நிலை தோன்றியது. பிங் கிராஸ்பி போன்றோரின் தணிந்த பாடுமுறை இத்தொழில்நுட்பத்தால் வாய்த்ததாகும். ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிவாங்கிகளின் ஒலிகளைக் கலவை மேசையில் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இயன்றது.

பிரித்தானியாவின் இ.எம்.ஐ. நிறுவனம் கலவை மேசையில் அமர்ந்தவருக்குச் ‘சமநிலைப் பொறியாளர்’ என்றே பதவிப் பெயர் தந்திருந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்களைப் பதிந்த நார்மன் ஸ்மித், ஜெஃப் எமெரிக் ஆகியோர் அப்பெயரால் அழைக்கப்பட்டவர்கள். பதிவதைக் காட்டிலும் ஒப்புநோக்கி அமைப்பதே தலையாய பணி என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியுள்ளது.

சமநிலை தொலைவுணர்வை எவ்வாறு உண்டாக்குகிறது என்பதை இவ்விடத்தில் விளக்குவது தகும். திறந்த வெளியில் ஒலிமூலத்திலிருந்து நாம் விலகும் தொலைவு இருமடங்காகும்போது, நேராக வரும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. ஆனால் மூடிய அறையில் சுவர்களில் பலமுறை பட்டுப் பரவும் எதிர்முழக்கம் அறையெங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளது. ஆகவே நேரொலிக்கும் எதிர்முழக்கத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு செவி தொலைவை மதிப்பிடுகிறது. ஒரு குரலின் அளவை மட்டும் குறைத்தால் அது மெல்லிய குரலாகிறது. அதே வேளையில் எதிர்முழக்கத்தை அவ்வாறே இருத்தினால் அது தொலைவில் உள்ள குரலாகிறது. எதிர்முழக்கமோ எண்ணற்ற தாமதங்களின் தொகுதியேயாகும். தொலைவு என்பது தாமதித்த ஒலிக்கும் தாமதியாத ஒலிக்கும் இடையிலான சமநிலை என்ற உண்மை இதனால் தெளிவாகும்.

3. எதிரொலி அறைகள்

ஒலிவாங்கிகள் குரலுக்கு நெருங்கி வந்ததால் பதிவுகளில் நேரொலி மிகுந்தது; அறையின் ஒலி குன்றியது. குன்றியதை ஈடுசெய்ய வேறோர் அறையை நாடினர். கடினமான சுவர்களைக் கொண்ட வெற்றறையின் ஒரு பக்கத்தில் ஒலிபெருக்கியும் மறுபக்கத்தில் ஒலிவாங்கியும் வைத்து, குரலின் ஒரு பகுதியை அங்கே அனுப்பி, அவ்வறையில் முழங்கும் ஒலியைக் கலவை மேசைக்குத் திரும்பப் பெற்றனர். வானொலி நாடகங்களும் திரைப்படங்களும் 1930களிலேயே இம்முறையைக் கையாண்டன. இலண்டன் அபே ரோட்டில் 1931இல் திறக்கப்பட்ட இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்திலும் இத்தகைய அறைகள் இருந்தன.

இசைத்தட்டில் இதனைக் கலைநோக்குடன் பயன்படுத்திய தொடக்கச் சான்றாக, சிக்காகோவில் யுனிவர்சல் ரெக்கார்டிங் கூடத்தை நடத்திய பில் புட்னம் 1947இல் பதிந்த ‘பெக் ஓ மை ஹார்ட்’ என்னும் இசை பெரிதும் சுட்டப்படுகிறது. ஹார்மோனிகா வாசித்த மூவரின் ஒலியைக் குளியலறை ஒன்றனுள் செலுத்தி அவர் எதிர்முழக்கம் சேர்த்தார். அந்த இசைத்தட்டு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

இவ்வாறு குரல் ஓர் அறையிலும் அதன் முழக்கம் மற்றோர் அறையிலும் பிறக்கத் தொடங்கின. 1957இல் ஜெர்மானிய நிறுவனமான இ.எம்.டி. வெளியிட்ட 140 என்னும் கருவி அறையையே தேவையற்றதாக்கியது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதை மின்னாற்றலால் அதிரச் செய்து முழக்கத்தைப் பெற்றனர். முழக்கம் நீடிக்கும் காலத்தை ஒரு சக்கரத்தைத் திருப்பி மாற்றலாம். கட்டடத்தின் இயல்பாக இருந்தது கைவிரலுக்குள் அடங்கிற்று.

4. நாடாவின் இரு முனைகளுக்கிடையே

காந்த ஒலிநாடா ஜெர்மனியில் ஏ.இ.ஜி. நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது அமெரிக்காவுக்குச் சென்று, 1948இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் பதிவுக்கருவியாக வெளிவந்தது. இக்கருவியின் அமைப்பிலேயே தாமதம் பொதிந்திருந்தது. நாடா முதலில் பதிவுமுனையைக் கடக்கிறது. சற்று அப்பால் உள்ள மீட்புமுனை, பதிந்த ஒலியை வாசிக்கிறது. பதிவு சரியாக நிகழ்கிறதா எனச் சோதிக்கவே மீட்புமுனை வைக்கப்பட்டது. ஆனால் நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல எடுக்கும் நேரம் அளவிடத்தக்க ஒரு தாமதமாகும். முனைகளுக்கிடையே 5 செண்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகவும் நாடா நொடிக்கு 38 செண்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும் கொண்டால், தாமதம் ஏறத்தாழ 130 மில்லிநொடி. வேகத்தைப் பாதியாக்கினால் அது 260 மில்லிநொடி ஆகிறது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 130 மில்லிநொடித் தாமதம் 22 மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்கு நிகரானது. 5 செண்டிமீட்டர் இடைவெளிக்குள் 22 மீட்டர் தொலைவு மடிந்து கிடந்தது எனலாம்.

கிதார்க் கலைஞர் லெஸ் பால் இதனை நன்கு உணர்ந்தவர். அவரும் மேரி ஃபோர்டும் 1951இல் வெளியிட்ட ‘ஹௌ ஹை த மூன்’ பாடலில், ஒருவரது கிதாரும் ஒருவரது குரலும் அடுக்கடுக்காகப் பதியப்பட்டு, தாமத ஒலியும் சேர்க்கப்பட்டது. ஒவ்வோர் அடுக்கையும் முந்தைய அடுக்கின்மேல் பதியவேண்டியிருந்ததால், முதலில் செய்த சமநிலையைப் பின்னர் மாற்ற வழியில்லை. எந்த அடுக்கு இறுதியில் முன்னே நிற்கவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கணித்தாக வேண்டியிருந்தது.

மெம்ஃபிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் 1950இல் தொடங்கிய சிறு ஒலிப்பதிவுக் கூடம் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. அங்கே 1954 ஜூலை 5ஆம் நாள் எல்விஸ் பிரெஸ்லி ‘தட்ஸ் ஆல் ரைட்’ பாடலைப் பதிந்தார். பாடகர் ஒருவர், இரு கருவியாளர், முரசு இல்லை. பிலிப்ஸ் ஓர் ஆம்பெக்ஸ் கருவியில் பாடலைப் பதிந்து, மற்றோர் ஆம்பெக்ஸ் கருவியின் வழியாகத் தாமதித்த படியை அதனுடன் கலக்கும் முறையைக் கையாண்டார். ஒரே ஒருமுறை திரும்பும் இவ்வெதிரொலி ‘ஸ்லாப்பேக்’ எனப் பெயர் பெற்றது. அவர் சமநிலையிலும் வழக்கத்தை மாற்றினார். அக்காலப் புகழ்பெற்ற பாடகர்களின் இசைத்தட்டுகளில் குரல் இசைக்குழுவுக்கு வெகுமுன்னே நின்றது. பிலிப்ஸ் குரலைப் பின்னிழுத்துக் கருவிகளோடு ஒன்றாக நிறுத்தினார். குரல் பின்வாங்கியதால் எழும் வலுக்குறையைத் தாமதம் ஈடுசெய்தது. மூவரே இசைத்த பாடலுக்குத் தாளச் செறிவையும் தந்தது. தாமதமும் சமநிலையும் ஒரே கையின் இரு விரல்களாக இயங்கியமைக்கு இது தெளிவான சான்றாகும்.

எல்விஸ் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு மாறியபின், 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பதியப்பட்டபோது, அந்நிறுவனத்தார் கட்டடத்தின் நடைவழியை எதிரொலி அறையாகப் பயன்படுத்தினர். விளைந்த ஒலி மெம்ஃபிஸ் ஒலியினின்று வேறுபட்டது. நடைவழி தருவது பரவிய முழக்கம். நாடா தருவது கூர்மையான ஒற்றை மறுமொழி. இரண்டும் பொதுவழக்கில் எதிரொலி என்றே சுட்டப்பட்டாலும், பாடலில் அவை உண்டாக்கும் இடம் ஒன்றன்று.

5. காலமும் அளவும்: அறிவியல் விளக்கம்

தாமதம் எப்போது இரண்டாவது ஒலியாகக் கேட்கிறது, எப்போது முதல் ஒலியோடு கலந்துவிடுகிறது என்னும் வினாவுக்கு ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு விடை தந்தது. பேச்சொலியைக் கொண்டு அவர் செய்த சோதனைகளில், ஏறத்தாழ 1 முதல் 30 மில்லிநொடிவரை தாமதித்த படி தனி ஒலியாகக் கேட்கவில்லை. ஒலி முதலில் வந்த திசையிலிருந்தே வருவதாகக் கேட்போர் உணர்ந்தனர். தாமதித்த படி முதல் ஒலியைவிட 10 டெசிபெல் அளவுக்கு வலியதாக இருந்தபோதும் இந்நிலை நீடித்தது. முந்தி வந்ததே இடத்தை உறுதிசெய்கிறது. பிந்தி வந்தது வலிமையை மட்டும் கூட்டுகிறது.

இக்கண்டுபிடிப்பின் பயன் முதலில் வழிபாட்டிடத்தில் விளங்கியது. இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் எதிர்முழக்கம் 10 நொடிக்கும் மேல் நீடிப்பதால் சமய உரைகள் தெளிவாகக் கேட்பதில்லை. 1950களின் தொடக்கத்தில் பார்க்கின், டெய்லர் என்னும் இருவர் அங்கு அமைத்த ஒலிபெருக்கி முறையில், உரையாற்றுபவரிடமிருந்து தொலைவில் உள்ள ஒலிபெருக்கிகள் அதற்கேற்பத் தாமதித்து ஒலிக்கச் செய்யப்பட்டன. சுழலும் காந்தத் தட்டைக் கொண்டு தாமதம் பெறப்பட்டது. அருகிலுள்ள ஒலிபெருக்கியே மிகுதியும் கேட்டபோதிலும், குரல் உரைமேடையிலிருந்தே வருவதாகக் கேட்டோர் உணர்ந்தனர். தாமதம் அணியாக மட்டுமன்றிச் சொல்லைக் காக்கும் கருவியாகவும் அமையும் என்பதற்கு இது சான்றாகும்.

காலமும் அளவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்னும் கருத்துக்கு இதனினும் பழைய சான்று உண்டு. இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் ஸ்டீரியோ ஒலிமுறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இரு காதுகளுக்கிடையே ஒலி சென்றடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு நாம் திசையை அறிகிறோம். அருகருகே வைத்த இரு ஒலிவாங்கிகளில் தோன்றும் அத்தகைய நேர வேறுபாட்டை, இரு ஒலிபெருக்கிகளின் அளவு வேறுபாடாக மாற்றும் வழியை அவர் விளக்கினார். காலத்தை அளவாக மொழிபெயர்க்கும் முயற்சி என இதனைக் கூறுவது மிகையாகாது.

6. கலவை எனும் பதிப்பு: மோனோவும் ஸ்டீரியோவும்

பல தடங்களில் தனித்தனியே பதியும் முறை வந்தபின், பாடுவதும் கலப்பதும் வெவ்வேறு நாள்களில் நிகழும் இரு செயல்களாயின. பீட்டில்ஸின் முதல் இசைத்தொகுப்பின் பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11ஆம் நாள் ஒரே நாளில் இரு தடங்களில் பதியப்பட்டது. குரல் ஒரு தடத்திலும் கருவிகள் மற்றொரு தடத்திலும் அமைந்தன. குரலுக்கும் கருவிகளுக்கும் இடையிலான சமநிலையைப் பின்னர்த் தீர்மானித்து, மோனோவாகக் கலப்பதற்கே அவ்வாறு பிரிக்கப்பட்டது. ஆனால் அதே நாடா ஸ்டீரியோத் தட்டாகவும் வெளிவந்தபோது, குரல் ஒரு பக்கமும் கருவிகள் மறுபக்கமும் ஒலித்தன. இதனைக் கலைநோக்காகக் கொள்வோர் உளர். அது பணிமுறையின் எச்சமேயாகும்.

1963 அக்டோபரில் நான்கு தடங்கள் இக்குழுவினர்க்குக் கிடைத்தன. 1966இல் ‘ரிவால்வர்’ தொகுப்பின் பதிவுக்காலத்தில் அபே ரோட்டின் கென் டௌன்செண்ட், ஒரே பாட்டை இருமுறை பாடி அடுக்கும் அலுப்பினின்று பாடகரை விடுவிக்க ஒரு முறையை உருவாக்கினார். குரலின் படியை மற்றொரு நாடாக் கருவிக்கு அனுப்பி, அதன் வேகத்தைச் சிறிதே மாற்றி, சில பத்து மில்லிநொடி இடைவெளியில் மூலக்குரலோடு சேர்த்தார். செவி அதனை எதிரொலியாகக் கேளாது, இருவர் ஒன்றுபோல் பாடுவதாகக் கேட்டது. அதே கூடத்தில், குரலை எதிரொலி அறைக்கு அனுப்புமுன் நாடாவால் தாமதிக்கும் வழக்கமும் இருந்தது. சொல் தெளிவாக ஒலித்து முடிந்தபின் முழக்கம் தொடங்குவதால், பெரிய அறையின் உணர்வும் சொல்லின் தெளிவும் ஒருங்கே கிடைத்தன.

1967இல் வெளிவந்த ‘சார்ஜெண்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பு நம் நோக்குக்கு இன்றியமையாதது. மோனோக் கலவையில் இசைக்குழுவினர் உடனிருந்து கருத்தைச் செலுத்தினர். ஸ்டீரியோக் கலவை அவர்கள் இல்லாமல் குறுகிய காலத்தில் முடிக்கப்பட்டது. இரண்டுக்கும் வேறுபாடுகள் பல. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாடல் மோனோவில் விரைவாகவும் அரைச்சுரம் உயர்ந்தும் ஒலிக்கிறது. ‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ பாடலின் குரலில் நாடாத் தாமதத்தின் அலைவு மோனோவிலேயே மிகுந்து கேட்கிறது. பல்லாண்டுகள் ஸ்டீரியோ வடிவமே பரவலாக வழங்கியது. 2009இல் இரு வடிவங்களும் குறுந்தட்டில் கிடைத்தன. 2017இல் புதிய ஸ்டீரியோக் கலவை ஒன்றும் வெளிவந்தது. பாடியோர் ஒருவரே, நாடா ஒன்றே. ஆயினும் பாடங்கள் மூன்று. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிக்கும் மரபில் பயின்ற தமிழறிஞர்க்கு இந்நிலை புதிதன்று. ஒலிக்கலவை ஒரு பதிப்பு. கலவை செய்பவர் பதிப்பாசிரியர்.

தமிழில் இம்மாற்றத்தின் ஒரு கட்டத்தை 1978இல் வெளிவந்த ‘ப்ரியா’ திரைப்படம் நினைவூட்டுகிறது. சிங்கப்பூரில் பெரும்பகுதி படமாக்கப்பட்ட அதன் பாடல்கள், இளையராஜாவின் இசையில் ஸ்டீரியோ முறையில் பதியப்பட்ட முதல் தமிழ்த் திரைப்பாடல்கள் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகின்றன.

7. கிங்ஸ்டன்: கலவையே படைப்பாதல்

தாமதத்தையும் சமநிலையையும் பாடலுக்குத் துணையாகக் கொள்ளாது, பாடலாகவே ஆக்கிய பெருமை ஜமாய்க்காவுக்குரியது. கிங்ஸ்டன் நகரின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் வாழ்ந்த ஆஸ்போர்ன் ரடக், மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலர்; கிங் டபி என்னும் பெயரால் அறியப்படுபவர். தெருக்களிலும் திடல்களிலும் நடன நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்பு நடத்தி வந்த அவர், 1970களின் தொடக்கத்தில் பழைய நான்கு தடக் கலவை மேசை ஒன்றைப் பெற்றுத் தம் வீட்டில் அமைத்தார். முன்பே பதிந்த பாடல்களின் தடங்களை அதில் ஓடவிட்டு, குரலை நீக்குவார். பின் ஒரே ஒரு சொல்லை மட்டும் உள்ளே விட்டு, அதனைத் தாமதக் கருவிக்குள் செலுத்தி உடனே மூடிவிடுவார். சொல் மீண்டும் மீண்டும் ஒலித்துத் தேயும். அடியில் தாளமும் தாழ்சுரமும் தொடரும். ‘டப்’ எனப்படும் இவ்வகையின் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, அகஸ்டஸ் பாப்லோவின் இசையில் 1976இல் வெளிவந்த ‘கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ தொகுப்பாகும். லீ பெர்ரி 1973இல் தொடங்கி 1979வரை நடத்திய பிளாக் ஆர்க் கூடத்திலும் நான்கு தடக் கருவியும் ரோலண்ட் நிறுவனத்தின் நாடாத் தாமதக் கருவியும் இவ்வாறே கையாளப்பட்டன.

இங்கே சமநிலை என்பது ஒருமுறை அமைத்து விட்டுவிடும் அளவாக இல்லை, வாசிக்கப்படும் கருவியாயிற்று. வசதி குன்றிய கூடங்களில், நான்கே தடங்களைக் கொண்டு இது நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதே காலத்தில் தாமதம் எண்ணியல் முறைக்கு மாறத் தொடங்கியது. லெக்சிகன், ஈவெண்டைட் ஆகிய நிறுவனங்களின் எண்ணியல் தாமதக் கருவிகள் 1971இல் வெளிவந்தன. பேரி பிளெஸ்ஸர் வடிவமைத்த இ.எம்.டி. 250 என்னும் எண்ணியல் எதிர்முழக்கக் கருவி 1976இல் தோன்றியது. நாடாவின் தேய்மானமும் வேகத் தடுமாற்றமும் நீங்கின. தாமதத்தை மில்லிநொடிக் கணக்கில் பாடலின் காலப்பிரமாணத்தோடு பொருத்த இயன்றது. நிமிடத்துக்கு 120 அடி என்னும் வேகத்தில் ஓர் அடி 500 மில்லிநொடி, அரையடி 250, முக்காலடி 375. இவ்வாறு பொருந்திய தாமதம் இடத்தைக் குறிப்பதினும் தாளத்தின் உறுப்பாகவே கேட்கிறது.

8. தமிழ்ச் சொல்லும் எதிரொலியும்

இவ்வரலாறு தமிழ் கற்பிப்போர்க்கு ஏன் வேண்டும் எனில், பாடல் ஒலிப்பதிவு இன்று வகுப்பறையின் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாக இருப்பதே காரணம். தமிழில் ஒலிக்கும் கால அளவு பொருளை மாற்றும். கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிப் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தது தொல்காப்பியம். ‘கல்’, ‘கால்’ என்பவற்றைக் குறிலும் நெடிலும் பிரிக்கின்றன. ‘பாடு’, ‘பாட்டு’ என்பவற்றையும், ‘எடு’, ‘எட்டு’ என்பவற்றையும் பிரிப்பதில், இரட்டித்த வல்லின மெய்யின்போது காற்று அடைபட்டு நிற்கும் சிறு ஒலியின்மைக்குப் பெரும்பங்கு உண்டு.

நொடிக்கு ஐந்து எழுத்து வீதம் பாடும் பாடலில் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 200 மில்லிநொடி கிடைக்கிறது. அதில் 100 முதல் 130 மில்லிநொடித் தாமதம் உரத்து ஒலிக்குமாயின், முன் எழுத்தின் உயிரொலி வல்லினத்தின் ஒலியின்மைக்குள் வந்து விழும். சொல்லைப் பிரித்துக் காட்டும் மௌனம் நிரம்பிவிடுகிறது. ஆனால் 30 மில்லிநொடிக்கு உட்பட்ட தாமதம், ஹாஸ் காட்டியவாறு, சொல்லுக்கு வலிமையே சேர்க்கும். ஆகவே தாமதம் சொல்லுக்குப் பகையா துணையா என்பதைக் கால அளவும் ஒலியளவும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

மேற்கண்ட வரலாற்றிலேயே இதற்குத் தீர்வுகள் உள்ளன. தாமதித்த ஒலியின் அளவைக் குறைத்துக் குரலுக்குப் பின்னே வைப்பது ஒன்று. முழக்கத்தை நேரொலியிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கச் செய்வது இரண்டாவது. அபே ரோட்டார் செய்தது அதுவே. அடியின் இறுதிச் சொல்லை மட்டும் தாமதத்துக்குள் அனுப்பி, ஏனைய சொற்களைத் தூயனவாக விடுவது மூன்றாவது. கிங்ஸ்டன் கலைஞரின் கைத்திறன் அது. படியின் உச்ச அதிர்வெண்களைக் குறைப்பது நான்காவது. வல்லின மெய்களின் கூர்மை அவ்வதிர்வெண்களிலேயே பெரிதும் உள்ளமையால், அவை மங்கிய எதிரொலி மூலச்சொல்லோடு போட்டியிடுவதில்லை. பழைய நாடாக் கருவிகள் ஒவ்வொரு சுற்றிலும் உச்ச ஒலிகளை இயல்பாகவே இழந்தமையால், அவற்றின் எதிரொலி பாட்டுக்கு இதமாக அமைந்தது.

ஒலிப்புப் பயிற்சிக்குப் பாடல் தேரும் ஆசிரியர் இவற்றைக் கருத்திற் கொள்வது நன்று. மாணவர் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால், பாடகரின் ஒலிப்பு ஒன்றே அதற்குக் காரணமாக இருக்கவேண்டியதில்லை, கலவையும் காரணமாகலாம்.

முடிவுரை

கூம்பின்முன் நின்ற பாடகரின் இடம் மெய்யான இடம். அதை அவர் காலடிகளே அளந்தன. மின்முறைப் பதிவு சமநிலையைக் காலடியிலிருந்து விடுவித்தது. எதிரொலி அறை முழக்கத்தைப் பாடிய அறையிலிருந்து பிரித்தது. நாடா தொலைவை நேரமாக்கியது. பல தடப் பதிவு இவை அனைத்தையும் பாடி முடித்தபின் தீர்மானிக்கும் உரிமையைக் கலவை செய்பவர்க்கு வழங்கியது.

ஆகவே ஒலிப்பதிவைப் பாடிய நாளின் சாட்சியாக மட்டும் கொள்வது போதாது. ஒரு பாடலை ஆய்வில் சான்று காட்டும்போது, பாடியவர், இசையமைத்தவர், ஆண்டு ஆகியவற்றோடு, மேற்கோள் கொள்ளப்படுவது எந்தக் கலவை, மோனோவா ஸ்டீரியோவா, மூல வெளியீடா மறுவெளியீடா, கலவை செய்தவர் யார் என்பனவும் குறிக்கப்பட வேண்டும். பாடகரின் குரல் ‘நெருக்கமானது’ என்றோ ‘தொலைவில் ஒலிக்கும் ஏக்கம் கொண்டது’ என்றோ எழுதுமுன், அந்த நெருக்கமும் தொலைவும் எத்தனை மில்லிநொடியில், எத்தகைய சமநிலையில் அமைந்தன என வினவ வேண்டும். பதிப்பாசிரியர் பெயரின்றி ஓர் இலக்கியப் பாடத்தை மேற்கோள் காட்ட நம் ஆய்வாளர் துணியார். இசைத்தட்டுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.